ஏழாம் நம்பர் சவ்வு

— அதெல்லாம் இருக்கட்டும், இன்னிக்கு வியாழக்கிழமையாச்சே? நீங்க செவ்வாய்க்கிழமை ஆளாச்சேம்மா!

— ஆமாங்க ஐயா, வியாழக்கிழமைதான். திசு வங்கியில இருந்து நானேதான் பேசறேன்.

— பின்ன, குரல் தெரியாதா எனக்கு? ஏழு வாரமா கேட்கறேன். இருங்க, இருங்க, இந்த ரேடியோ வாய மூடிட்டு வந்துடறேன்... ம், வந்துட்டேன். சாப்பிட்டீங்களா?

— இன்னும் இல்லைங்க.

— மணி மூணு! அந்தக் குளிர்பெட்டிங்களுக்கு நடுவுல பட்டினி கிடக்கறீங்களா? முப்பத்தோரு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்கா இருந்தவன் சொல்றேன், மோட்டாருக்கு எண்ணெய் விடாம ஓட்டினா ஒருநாள் ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னுடும். அப்புறம் தலைகீழா நின்னாலும் அசையாது.

— ஐயா, இன்னிக்குக் கதை பேச நேரமில்ல. அந்த அஞ்சு கேள்வியையும் மறுபடி கேட்கணும். யோசிச்சுச் சொல்லுங்க.

— முந்தாநாள்தானே கேட்டீங்க? சரி, கேளுங்க. கேள்வி உங்களுது, வாய் என்னுது.

— குதிகால்ல வலி இருக்கா?

— இருக்கு.

— சிவந்திருக்கா?

— லேசா.

— காய்ச்சல்?

— இல்ல.

— நாத்தம் ஏதாவது?

— என் மூக்குக்கும் குதிகாலுக்கும் பேச்சுவார்த்தை நின்னு ரொம்ப வருஷமாச்சும்மா. குனிய முடியாதுல்ல.

— நீர் வடியுதா?

— வடியுது. முந்தாநாளே சொன்னேனே.

— எவ்வளவு? கட்டு நனையற அளவுக்கா?

— ஆமா... நனையுது.

— என்ன நிறத்துல?

— தண்ணிக்கு என்னம்மா நிறம்? தண்ணி நிறம்தான்.

— ரேடியோவ நிறுத்தப் போனீங்களே, உங்க காலடிச் சத்தம் எனக்குக் கேட்டுச்சு. டக் டக்குன்னு ரெண்டு காலும் ஒரே மாதிரி விழுந்துச்சு. குதிகால்ல புண்ணு வடியறவங்க அப்படி நடக்க மாட்டாங்க ஐயா.

— என்னம்மா இது, போலீஸ் விசாரணை மாதிரி? பழகிப் போச்சு, நடக்கறேன். வலிக்குதுன்னு உட்கார்ந்துட்டா எனக்கு யார் வந்து தண்ணி எடுத்துக் குடுக்கப் போறாங்க?

— நேர்ல வந்து காட்டுங்கன்னு மூணு தடவை சொன்னேன். வரவே இல்ல.

— படி ஏறி இறங்க முடியலைன்னு சொன்னேனே. லிஃப்ட் மெக்கானிக்கோட வீட்டுக்கு லிஃப்ட் கிடையாது. ஆண்டவனுக்குக் கூட நக்கல் ஜாஸ்தி.

— ஐயா, நான் நேரா விஷயத்துக்கு வர்றேன். உங்க புண்ணு மேல வெச்ச சவ்வு எங்க இருந்து வருதுன்னு சொல்லியிருக்கேன்ல?

— ஏன் சொல்லல? வயித்துக்குள்ள குழந்தைய மூடிக்கிட்டிருக்கற சவ்வு. பிரசவம் ஆனதும் பெத்தவங்க சம்மதிச்சுக் குடுத்துட்டுப் போறாங்க. நீங்க அதக் கழுவி, காயவெச்சு, கிருமி போக்கி, துண்டு துண்டா வெட்டி உறையில போடறீங்க. அது மேல நம்ம தோல் மெதுவா ஏறி வந்து புண்ண மூடிக்குது. யாரோ ஒரு குழந்தையோட முதல் சட்டை, என் குதிகாலுக்குச் சாக்ஸாப் போச்சுன்னு அன்னிக்குச் சிரிச்சோமே.

— அந்த ஒரு சவ்வுல இருபத்தாறு துண்டு வந்துச்சு. உங்களுது ஏழாம் நம்பர்.

— ஏழுதான். அப்போ எனக்குக் கூடப் பிறந்தவங்க இருபத்தஞ்சு பேரான்னு கேட்டேன். எல்லாரும் சேர்ந்து போட்டோ எடுத்தா வரிசை பத்தாதுன்னேன்.

— அதுல ஒன்பது பேருக்குப் போட்டாச்சு. மீதி பதினேழு இங்க பெட்டியில இருக்கு. முந்தாநாள் நீங்க நீர் வடியுதுன்னு சொன்னீங்கல்ல? வெறும் வலின்னா நாங்க வாரா வாரம் கூப்பிட்டு விசாரிப்போம், அவ்வளவுதான். நீர் வடியுதுன்னா அது வேற. சவ்வுலயே கிருமி இருக்கோன்னு சந்தேகம் வந்துடும். ஒரு துண்டு மேல சந்தேகம் வந்தா கூடப் பிறந்த அத்தனையையும் நிறுத்தி வெச்சுடணும். செவ்வாய்க்கிழமை சாயங்காலமே பெட்டிக்குச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிட்டாங்க.

— என் ஒருத்தன் வார்த்தைக்கா?

— உங்க ஒருத்தர் வார்த்தைக்குத்தான்.

— உங்ககிட்ட வேற சவ்வே இல்லையா?

— இருக்கு. ஆனா குடுத்த அம்மாவுக்கு ஆறு மாசம் கழிச்சு இன்னொரு தடவை ரத்தம் பார்த்துட்டுத்தான் வெளிய விடுவோம். மத்ததுக்கெல்லாம் இன்னும் நாள் ஆகல. வெளிய போகத் தயாரா இருந்தது உங்க கூடப் பிறந்ததுங்க மட்டும்தான்.

— சரி, நாலு நாள் பெட்டியிலயே இருக்கட்டுமே. அதுக்கென்ன இப்ப தலை போற அவசரம்?

— நேத்து காலையில, சலவைப் பட்டறையில வேலை பாக்கற ஒரு அம்மாவுக்கு வலது கண்ணுல வெளுக்கற மருந்து தெறிச்சிடுச்சு. கண்ணோட மேல்பரப்பு வெந்து போயிருக்கு. இன்னிக்குச் சவ்வு வெச்சு மூடலைன்னா இமை கண்ணு முழியோட ஒட்டிக்கும்னு டாக்டர் சொல்றாரு. அப்புறம் பிரிச்சு விட்டாலும் பார்வை திரும்பறது கஷ்டம். ஆறு மணிக்கு ஆபரேஷன்.

— வேற எங்கயாவது கேட்டுப் பார்த்தீங்களா?

— ரெண்டு இடத்துல கேட்டாச்சு. சனிக்கிழமைதான் வந்து சேரும்ங்கறாங்க.

— ம்.

— ஐயா? இருக்கீங்களா?

— இருக்கேன், இருக்கேன். எங்க போகப் போறேன். அது... கட்டு கொஞ்சம் ஈரமா இருந்த மாதிரிதான் இருந்துச்சு. குளிக்கறப்ப தண்ணி பட்டிருக்குமோ என்னமோ.

— மழுப்பாதீங்க ஐயா. போன மாசம் ஒரு கதை சொன்னீங்களே, ஒன்பதாவது மாடி அம்மா கதை.

— அத எதுக்கு இப்ப இழுக்கறீங்க?

— நீங்கதானே சொன்னீங்க. லிஃப்ட்டு நல்லாத்தான் ஓடும். அந்த அம்மா உள்ள போய் உட்கார்ந்துக்கிட்டு அவசர மணிய அழுத்துவாங்க.

— ஆமா. நான் ஸ்பீக்கர்ல 'பயப்படாதீங்க, வந்துக்கிட்டே இருக்கேன், நான் லைன்லயே இருக்கேன்'ம்பேன். அவங்களும் பேசுவாங்க. மருந்து சாப்பிட்டது, ஜன்னல்ல புறா வந்தது, எல்லாம். நான் போய்ப் பார்த்தா கதவு ஆவுன்னு திறந்து கிடக்கும்.

— ஒருநாள் நீங்க அங்க ஓடின நேரத்துல இன்னொரு கட்டடத்துல நிஜமாவே ஒருத்தர் மாட்டிக்கிட்டாரு. ஆஸ்துமாக்காரர்.

— போதும்மா.

— அவரத் தூக்கிட்டுப் போன அப்புறம் நீங்க அந்த அம்மாகிட்ட போய் என்ன சொன்னீங்க?

— போதும்னு சொல்றேன்ல! ஆறிடுச்சு. போதுமா? புண்ணு ஆறி அஞ்சு வாரம் ஆச்சு. வலியும் இல்ல, வடியவும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. கட்டு கூட சும்மாதான் கட்டியிருக்கேன். அதயும் கழட்டிட்டா உங்ககிட்ட சொல்றப்ப எனக்கே பொய்யாத் தெரியும்ல.

— அப்ப நீர் வடியுதுன்னது?

— நீங்கதானே முந்தாநாள் சொன்னீங்க, வலி குறைஞ்சிருந்தா இனிமே மூணு மாசத்துக்கு ஒரு தடவைதான் கூப்பிடுவோம்னு. மூணு மாசம்! அதுவரைக்கும் நான் யார்கிட்டம்மா பேசறது, சுவத்துக்கிட்டயா? பயத்துல வாயில வந்தத உளறிட்டேன். அதுக்குள்ள ஒருத்தரோட கண்ணு இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?

— தெரிஞ்சிருக்க நியாயமில்லைங்க.

— வெட்கமா இருக்கும்மா. அந்த ஒன்பதாவது மாடி அம்மாவ நான் திட்டின திட்டு இருக்கே! உனக்குப் பேச ஆள் இல்லைன்னா ஊரு சாகணுமான்னு கேட்டேன். என் அம்மா வயசு அவங்களுக்கு. அதுக்கப்புறம் அவங்க மணியே அடிக்கல. இப்ப நான் அதே பட்டன்ல விரல வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன்.

— ஐயா...

— ஆனா ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். முதல்ல நான் வேணும்னே பொய் சொல்லல. ரெண்டாவது வாரம் நீங்க கூப்பிட்டு, 'போன வாரம் வலின்னு சொன்னீங்களே, இப்ப எப்படி'ன்னு கேட்டீங்க. நான் அப்படிச் சொன்னதா எனக்கு ஞாபகமே இல்ல. சொல்லியிருப்பேனாக்கும்னு நானும் 'இருக்கு'ன்னுட்டேன். அன்னிக்குப் பிடிச்ச பயம்தான். எங்க அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. சொன்னது மறந்து போச்சு, வெச்சது மறந்து போச்சு, கடைசியில என்னையே 'தம்பி யாரு'ன்னு கேட்டாரு.

— அத... அத அப்புறம் பேசலாங்க ஐயா. மணி மூணேகால். நீங்க வாயால சொன்னா பத்தாது. குதிகால இப்பவே போட்டோ எடுத்து அனுப்பினாத்தான் டாக்டர் பார்த்துட்டு ஸ்டிக்கரப் பிரிக்கச் சொல்லுவாரு.

— என் ஃபோன்ல பட்டன் மட்டும்தான் இருக்கு. கேமராவுக்கு நான் எங்க போக?

— அக்கம்பக்கத்துல யார்கிட்டயாவது கேளுங்க.

— யாரும்மா இருக்காங்க எனக்கு?

— எதிர் வீட்டுல?

— எதிர் வீட்டுல ஒரு அம்மா இருக்காங்க. கார் ஓட்டக் கத்துக் குடுக்கறவங்க. பதினோரு வருஷத்துல நான் அவங்ககிட்ட பேசினது ரெண்டே வார்த்தை. ரெண்டும் 'கொஞ்சம் வழிவிடுங்க'.

— போய்க் கதவத் தட்டுங்க. ஃபோன வெச்சுடாதீங்க. பயப்படாதீங்க, நான் லைன்லயே இருக்கேன்.

— அது என்னோட வசனம்மா.

— இன்னிக்கு நான் சொல்றேன். போங்க ஐயா.

— போறேன், போறேன்... அம்மா! எதிர் வீட்டம்மா! இருக்கீங்களா?

— யாரு? அட, பெரியவரா! என்னாச்சு, கேஸ் வாசனை வருதா?

— இல்லம்மா. ஒரு சின்ன உதவி. என் குதிகால ஒரு போட்டோ எடுக்கணும்.

— எத?

— குதிகால.

— பதினோரு வருஷம் கழிச்சு என் கதவத் தட்டறீங்க, அதுவும் குதிகாலுக்கு?

— சிரிக்காதீங்கம்மா. ஒருத்தருக்குக் கண்ணு போயிடும். இந்தாங்க, ஃபோன்ல திசு வங்கி மேடம் இருக்காங்க, நீங்களே கேளுங்க.

— ஹலோ, யாருங்க பேசறது? இவரு நல்லாத்தான் இருக்காரா?

— நல்லாத்தான் இருக்காருங்க. அவர் சொல்றது நிஜம். புண்ணு ஆறிடுச்சுன்னு போட்டோ வந்தாத்தான் இங்க இருந்து ஒரு மருந்து உறை கிளம்பும். ஆறு மணி ஆபரேஷனுக்கு ஒருத்தர் காத்திருக்காங்க.

— சரி சரி, புரிஞ்சுடுச்சு. பெரியவரே, வண்டிய உங்க வீட்டுக்குத் திருப்புங்க. இந்த நடையில வெளிச்சமே இல்ல. பார்த்து, மெதுவா... அய்யய்யோ, என்ன இது, சுவரு முழுக்கச் சீட்டு? 'கேஸை மூடு.' 'சாவி சட்டைப் பையில்.' 'வாசக்கதவு பூட்டியாச்சு, மறுபடி போய்ப் பார்க்காதே.' 'செவ்வாய்: அந்த அம்மாவிடம் என்ன சொன்னேன் என்று எழுதி வை.' பரீட்சைக்குப் படிக்கறீங்களா?

— மறதிம்மா. ஒரு ஆறு வாரமா. அத விடுங்க, கால எங்க வைக்கணும்?

— நாற்காலி மேல. ஜன்னல் பக்கம் திருப்புங்க. லெஃப்ட்... லெஃப்ட்... இன்னும் கொஞ்சம்... பிரேக்! அப்படியே நியூட்ரல்ல விடுங்க. கட்டப் பிரிக்கறேன், கூசும், துள்ளாதீங்க. ஏன் பெரியவரே, இதுவா புண்ணு? என் குதிகால விட நல்லா இருக்கே!

— நிஜமாவா? நான் பார்த்ததே இல்லம்மா. குனிஞ்சா இடுப்பு விடாது. கையால தடவித்தான் பார்ப்பேன்.

— இந்தாங்க, ஃபோன்ல பாருங்க.

— அடேங்கப்பா! புதுசா இருக்கே. இரும்புக் கம்பி கிழிச்சு எட்டு மாசம் வாயப் பொளந்துக்கிட்டு கிடந்துச்சும்மா. எத்தனையோ களிம்பு தடவினேன். அறுபத்தெட்டு வயசுக் கிழவன் கால்ல, இந்த ஒரு இடம் மட்டும் எப்படி இருக்கு பாருங்க.

— நம்பர் சொல்லுங்க மேடம், அனுப்பிடறேன். உங்க பேர் என்னன்னு போட்டுக்கறது?

— பேர் வேண்டாங்க. பேர் சொல்லக் கூடாதுங்கறது இங்க விதி. நம்பர் சொல்றேன், குறிச்சுக்கோங்க.

— அப்போ நீங்கதானா அந்தச் செவ்வாய்க்கிழமை?

— எது?

— இல்ல மேடம், இவரு வீட்டம்மா போய் நாலு வருஷம். அதுக்கப்புறம் இந்த வீட்டுல ரேடியோ சத்தத்தத் தவிர எதுவும் கேட்டதில்ல. இந்த ரெண்டு மாசமா செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு மட்டும் சிரிப்புச் சத்தம் வரும். யாரோ சொந்தக்காரங்க வந்துட்டுப் போறாங்கன்னு நெனச்சேன்.

— சொந்தக்காரங்கதாம்மா.

— போயிடுச்சு போட்டோ. ரெண்டு டிக்கும் விழுந்துடுச்சு. நான் கிளம்பணும் பெரியவரே, இதுவரைக்கும் மூணு விளக்குக் கம்பத்த இடிச்ச ஒருத்தி கீழ வண்டிகிட்ட காத்துக்கிட்டிருப்பா. அடுத்த தடவை குதிகாலெல்லாம் வேண்டாம். சும்மாவே தட்டுங்க.

— தட்டறேம்மா. நல்லா இருங்க... ஹலோ? இருக்கீங்களா?

— இருக்கேங்க. போட்டோவ டாக்டருக்கு அனுப்பிட்டேன். பதில் வரட்டும்.

— சரி.

— ம்.

— ஏதாவது பேசுங்கம்மா. உள்ள மாட்டினவங்களுக்கு இருட்டக் கூட தாங்கிக்க முடியும், அமைதியத் தாங்க முடியாது.

— என்னங்க பேசறது?

— அங்க என்னென்ன இருக்குன்னு சொல்லுங்க. நான் எல்லார்கிட்டயும் அதத்தான் கேட்பேன்.

— ஆறு குளிர்பெட்டி. ஒரு மேஜை. ஒரு நாற்காலி. இன்னொருத்தர் வந்தா உட்கார இடமில்ல, ஆனா யாரும் வர்றதில்ல. காலையில இருந்து பன்னெண்டு பேரக் கூப்பிடுவேன். ஆமா, இல்ல, இல்ல, இல்ல, வெச்சுடறேன். அவ்வளவுதான். உங்கள மட்டும் எப்பவும் கடைசியா வெச்சுப்பேன்.

— ஏன் அப்படி?

— அதுக்கப்புறம் யாரும் இல்லைன்னா அவசரப்பட வேண்டாம்ல.

— வீட்டுல யாரு இருக்காங்க உங்களுக்கு?

— பூட்டுதான். எங்க அம்மா இருந்தாங்க, போன வருஷம் வரைக்கும்.

— சொல்லவே இல்லையேம்மா. ஏழு வாரமா நானே பேசிக்கிட்டிருந்திருக்கேன் பாருங்க.

— நீங்க பேசறதக் கேட்கத்தானே... ஒரு நிமிஷம். வந்துடுச்சு. வந்துடுச்சுங்க ஐயா! 'புண் முழுசா ஆறியிருக்கு, கசிவு இல்லை'ன்னு டாக்டர் எழுதிக் குடுத்துட்டாரு. மேலதிகாரி ஸ்டிக்கரப் பிரிக்கறாங்க. பத்தாம் நம்பர் உறை கிளம்புது.

— ஆறு மணிக்குள்ள போய்ச் சேந்துடுமா?

— நாலரைக்கே சேந்துடும்.

— அப்பாடா! இப்பத்தான் உயிர் வந்துச்சு. நீங்க முதல்ல போய் ஏதாவது சாப்பிடுங்க. அந்தச் சலவைப் பட்டறை அம்மாகிட்ட நான் மன்னிப்புக் கேட்டேன்னு சொல்ல முடியுமா?

— யாருது யாருக்குப் போகுதுன்னு சொல்லக் கூடாதுங்க.

— தெரியும், தெரியும். கேட்டு வெச்சேன். சரி, நடந்தத ஃபாரத்துல எழுதி முடிச்சுடுங்க. கையெழுத்துப் போடணும்னா நானே நடந்து வர்றேன், இந்தக் காலாலயே. 'தவறுதலாகக் கூறினார்'னு பூசி மெழுக வேண்டாம். பொய் சொன்னான்னே எழுதுங்க. முதல் வாரத்துல இருந்து எல்லாமே பொய்னு எழுதுங்க.

— முதல் வாரத்துல இருந்துன்னு எழுத முடியாதுங்க ஐயா.

— ஏன் முடியாது? முதல் வாரமே எனக்கு வலி இல்லம்மா, கட்டுப் போட்ட மூணாம் நாளே போயிடுச்சு. அப்ப வலின்னு சொன்னதும் பொய்தானே? சொன்னது நெனப்புல இல்லாட்டி பொய் இல்லைன்னு ஆயிடுமா? நாளைக்குப் பத்து மணிக்கு டாக்டரப் பார்க்கப் போறேன், இந்த மறதிக்கு. அப்பாவோட ஆஸ்பத்திரிச் சீட்டெல்லாம் தேடி எடுத்து வெச்சிருக்கேன். வர்றது வந்துதான் தீரும்னா இப்பவே தெரிஞ்சுக்கறேன்.

— போக வேண்டாம்.

— என்னம்மா?

— நான் இன்னிக்கு ரெண்டு ஃபாரம் எழுதணும். ஒண்ணு உங்க பேருல, இன்னொண்ணு என் பேருல. என்னுத மேலதிகாரிகிட்ட குடுத்தா நாளைக்கு இந்த நாற்காலி எனக்கு இருக்குமோ இருக்காதோ. அதுக்கு முன்னாடி உங்ககிட்ட சொல்லிடணும். வலி இல்லைன்னு எழுதியிருந்தா, உங்கள நான் மறுபடி கூப்பிட மூணு மாசம் ஆயிருக்கும்.

— எனக்கு ஒண்ணும் புரியலைம்மா. அழறீங்களா என்ன?

— அந்தச் சுவத்துச் சீட்டையெல்லாம் கிழிச்சுப் போடுங்க ஐயா. உங்களுக்கு மறதியெல்லாம் இல்ல. முதல் செவ்வாய்க்கிழமை நீங்க, 'ஒரு வலியும் இல்லம்மா, நல்லா இருக்கேன், அது கிடக்கட்டும், நீங்க சாப்பிட்டீங்களா'ன்னுதான் கேட்டீங்க. எங்க அம்மா போனதுக்கப்புறம் என்னை அப்படிக் கேட்டவங்க யாருமில்ல. வலின்னு எழுதினது நான்.